ஜீப் வாங்கலாமா? மலைத் தோட்டக்காரர் ஒருவரின் 11 ஆண்டுக் கணக்கு

கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோட்டத்து மண் பாதையில் மினி லாரி ஏறாது. வெட்ட வேண்டிய மலைவாழைத் தார் மரத்திலேயே பழுக்கும். மூட்டை கட்டிய காபிப் பழம் குதிரைக்காரர் வரும்வரை கொட்டகையில் கிடக்கும். 'பேசாமல் பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா?' என்ற யோசனை பலருக்கும் அப்போதுதான் வரும். இந்த ஆண்டு மட்டும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள்.

நான் 11 ஆண்டுகளாக மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் வைத்திருக்கிறேன். 6 ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு 3 கி.மீ. மண் பாதை. 'வாங்கலாம்' என்று ஒரே சொல்லில் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. லாபமும் பார்த்திருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

போருக்குச் செய்த வண்டி, வயலுக்கு வந்த கதை

ஜீப் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வண்டி. 1940-ல் பாண்டம் என்ற சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் பெருமளவில் தயாரித்தன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் வெளிவந்தன.

போர் முடிந்ததும் இவ்வளவு பெரிய தொழிற்சாலையை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி வில்லிஸ் நிறுவனத்துக்கு எழுந்தது. அது நம்பியது விவசாயிகளைத்தான். 1945-ல் வந்த சி.ஜே.2ஏ என்ற மாடலை, உழவும் செய்யும், பாரமும் இழுக்கும், சந்தைக்கும் போகும் என்று விளம்பரம் செய்தது. டிராக்டரில் இருப்பதுபோல இன்ஜின் சக்தியை வெளியே எடுத்து இயந்திரங்களை ஓட்டும் பி.டி.ஓ. வசதியையும் தனியாகப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் உழவில் டிராக்டரை ஜீப்பால் வெல்ல முடியவில்லை. எடை குறைவு, மெதுவாக நின்று இழுக்கும் தன்மையும் போதாது. பண்ணைக்குள் ஆளும் பொருளும் ஏற்றிப்போகும் வண்டியாகத்தான் அது நிலைத்தது.

இங்கிலாந்தின் லேண்ட் ரோவரும் பண்ணையில் பிறந்ததுதான். ரோவர் நிறுவனப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் போரில் கழித்த ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக நாமே ஒன்று செய்யலாமே என்று தொடங்கியதுதான், 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்த லேண்ட் ரோவர். எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சன் ஊரிலிருந்து சண்டக்பூ உச்சிக்கு, 1950-களின் லேண்ட் ரோவர்களைப் பல ஆண்டுகள் ஓட்டிவந்தார்கள்.

நம் நாட்டு ஜீப்பின் கதை லூதியானாவில் தொடங்குகிறது. 1945-ல் ஜே.சி.மஹிந்திரா, கே.சி.மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற எஃகு வியாபார நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்கி பம்பாயில் பூட்டி விற்றவர்கள், பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தார்கள். 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துடன் சேர்ந்து டிராக்டர் தொழிலிலும் இறங்கினார்கள். பெட்ரோல் குடித்த ஜீப்புக்கு டீசல் இன்ஜின் தேவைப்பட்டபோது அந்த டிராக்டர் இன்ஜினையே ஜீப்பில் வைத்தார்கள். 1980-களில் பிரான்சின் பியூஜோ டீசல் இன்ஜின் வந்தது. மலைக்காட்டில் இன்னும் ஓடும் எம்.எம்.540 ஜீப்புகள் பல அந்த இன்ஜினைச் சுமந்தவைதான்.

2000-ல் பொலிரோ, 2010-ல் தார், 2020-ல் புதிய தார் என்று காலம் மாறியது. இன்றைய தார் 10 லட்சம் ரூபாய்க்கு முன்பின்னாகத் தொடங்குகிறது. நகரத்து இளைஞர்கள் விரும்பி வாங்கும் வண்டி அது. அதில் வாழைத்தார் அடுக்க யாருக்கும் மனம் வராது. விலை குறைந்த மாடல்களில் பின்சக்கர இழுவை மட்டுமே உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் மலை விவசாயி 20, 30 ஆண்டுப் பழைய ஜீப்பைத் தேடிப் போகிறான். அங்கேதான் ஏமாற்றமும் காத்திருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல்

நான் ஜீப் வாங்கியது புரோக்கர் மூலம். விலை 2 லட்சத்து 40 ஆயிரம். புது பெயின்ட், புது டயர், புது படுதா. மேட்டில் ஏற்றிக் காட்டினார்கள், ஏறியது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான்காவது மாதம் எப்.சி. காட்டப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருந்தது. வண்டியில் இருந்ததோ டீசல் இன்ஜின். முன்பு வைத்திருந்த யாரோ இன்ஜினை மாற்றிவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இப்படி மாற்றம் செய்ய முன் அனுமதி வேண்டும். மாற்றிய பின் பதிவும் செய்ய வேண்டும். புரோக்கர் போனை எடுக்கவே இல்லை. அந்த இன்ஜினை எங்கே வாங்கினார்கள் என்பதற்கு ரசீது தேடி, பழைய உரிமையாளரைக் கண்டுபிடித்து, திருத்தம் செய்து முடிக்க 8 மாதம் ஆனது. அதுவரை ஜீப் கொட்டகையில் நின்றது. அலைச்சலும் ரிப்பேரும் சேர்த்து 38 ஆயிரம் செலவு. காபி அறுவடைக்கு அந்த ஆண்டும் குதிரைதான்.

எனவே பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

* ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள் வகை மூன்றும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். எண் அடித்த இடத்தில் வெல்டிங், ராவிய தடம் இருந்தால் விலகிவிடுங்கள்.

* சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் மீதி இருக்கிறது, இன்றைய கட்டணம் என்ன என்று கேட்டு, அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

* கேரளப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்று, தமிழகத்தில் மறுபதிவு, வரி மூன்றும் உங்கள் தலையில் விழும்.

* ஜீப் என்றாலே நான்கு சக்கர இழுவை என்று நினைக்கக் கூடாது. கமாண்டர், மார்ஷல் போன்ற வண்டிகளில் பல பின்சக்கர இழுவை மட்டுமே கொண்டவை. நான்கு சக்கர இழுவை இருந்தாலும், முன் சக்கர ஹப்பைப் பூட்டி, ஈர மண்ணில் லோ கியர் போட்டு, முன் சக்கரமும் இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

* சேசிஸில் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது.

வேகத்துக்கு அல்ல, மெதுவாகப் போகத்தான் ஜீப்

ஜீப்பின் உயிர் அதன் இரண்டாவது கியர் பெட்டியில் இருக்கிறது. ஒரு கம்பி முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்று லோ கியர் போடும். பழைய ஜீப்புகளில் லோ கியர் போட்டால் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். இழுவை அதே அளவு கூடும். ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஆள் நடக்கும் வேகத்தில் மேடேறும்.

பலருக்குத் தெரியாதது, இறக்கத்தில்தான் லோ கியருக்கு அதிக வேலை என்பது. இதைப் பயந்துதான் கற்றேன். வாங்கிய இரண்டாம் ஆண்டு, டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாதாரண இரண்டாவது கியரில், 500 கிலோ வாழைத்தாரோடு இறங்கினேன். தாரின் மேல் இரண்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். டிரம் பிரேக் சூடேறி, பாதி இறக்கத்தில் மிதித்தும் பிடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்து மண் வரப்பில் மோதி நிறுத்தினேன். பம்பர் வளைந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. மறுபக்கம் திருப்பியிருந்தால் 60 அடிப் பள்ளம்.

அன்றிலிருந்து மேடேறும் அதே லோ முதல் கியரில்தான் இறக்கமும். வண்டியை இன்ஜினே பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொட்டால் போதும். ஓடையில் இறங்கி ஏறினால் சிறிது தூரம் பிரேக்கை லேசாக மிதித்து லைனிங்கை உலர்த்திவிட்டுத்தான் வேகம் கூட்டுவேன். தார்ச்சாலை வந்ததும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். காய்ந்த தாரில் அதைப் போட்டே திரும்பினால் முன்னும் பின்னும் முறுக்கேறி கிரவுனும் கியரும் தேயும்.

ஆள் ஏற்றும் வண்டியா?

தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் தினமும் ஜீப்பில்தான் போய் வருகிறார்கள். அவர்களின் கூலி ஜீப்பை நம்பி இருக்கிறது. உயிரும்தான். 2023 ஆகஸ்டில் வயநாட்டின் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள்.

ஜீப் உயரமானது, அகலம் குறைந்தது. பின்னால் பாரம் ஏற ஏறச் சாயும் ஆபத்து கூடும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். இழப்பீடு முழுவதும் உரிமையாளர் மேல் விழும். தோட்டத்தையே விற்க நேரலாம். ஏறும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் இப்போது வண்டியை எடுக்கிறேன். பாரத்தின் மேல் ஆளை ஏற்றுவதே இல்லை.

வரவும் செலவும்

ஜீப்புக்கு முன் குதிரைக் கூலியாக ஆண்டுக்குச் சுமார் 46 ஆயிரம் கொடுத்தேன். ஒரு குதிரை 80, 90 கிலோ சுமக்கும். ஜீப்பில் ஒரு நடைக்கு 400 கிலோ ஏற்றுகிறேன். கடந்த ஆண்டுச் செலவு: டீசல் 19 ஆயிரம், ரிப்பேர், கிரீஸ், ஆயில் 15 ஆயிரம், காப்பீடு 6 ஆயிரம். மொத்தம் 40 ஆயிரம். டயர் மாற்றும் ஆண்டில் இன்னும் 20 ஆயிரத்துக்கு மேல் கூடும். அதாவது சுமைக்கூலியை மட்டும் பார்த்தால் ஜீப்பால் பெரிய மிச்சம் இல்லை. போட்ட முதலுக்கு வட்டி சேர்த்தால் நட்டம்கூட.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தொழு உரமும் சுண்ணாம்பும் மேலே போகிறது. குதிரைக் கூலிக்குப் பயந்து நான் உரத்தைக் குறைத்த காலம் போய்விட்டது. வத்தலக்குண்டு சந்தை நாள் தவறுவதில்லை. மழை நாளில் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது என் தாரும் அங்கே நிற்கிறது. 5 ஆண்டுக்கு முன் தோட்டத்து ஆள் ஒருவரை இரவில் பாம்பு கடித்தது. கொட்டும் மழையில் ஒன்றரை மணி நேரத்தில் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்தார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பராமரிப்பும் எளிது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இந்த வண்டியைப் பிரித்துப் பூட்டுவார். மாதம் ஒருமுறை கிரீஸ், மழைக்காலம் முடிந்ததும் வீல் பேரிங்கும் கிரவுன் ஆயிலும், ஆண்டுக்கு ஒருமுறை சேசிஸுக்கு அடியில் கழுவித் துரு தடுக்கும் பெயின்ட். இந்த மூன்றையும் விடாமல் செய்தால் வண்டி நடுவழியில் கைவிடாது.

யார் வாங்கலாம்?

தோட்டம் வரை மினி லாரி வரும் பாதை உள்ளவர்களுக்கு ஜீப் தேவையில்லை. வாடகை வண்டியே மலிவு. ஆண்டுக்கு 30, 40 நடைக்குக் குறைவாகச் சுமை உள்ளவர்களும் குதிரையோடு நிற்கலாம். தினமும் அதிகப் பாரம் ஏற்ற வேண்டியவர்கள், நான்கு சக்கர இழுவை உள்ள பிக்கப் வண்டியைச் சரக்கு வாகனமாகப் பதிந்து வாங்குவதே சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. பாதை மோசமாக இருந்து, 5 ஏக்கருக்கு மேல் பயிர் வைத்து, ஆண்டு முழுவதும் ஏற்றி இறக்க வேலை உள்ளவர்களுக்கே பழைய ஜீப் பொருந்தும்.

என்னிடம் கேட்ட மூவரில் ஒருவருக்கு வேண்டாம் என்றேன். அவர் தோட்டத்துப் பக்கத்திலேயே தார்ச்சாலை போகிறது. மற்ற இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டம், ஒரே பாதை. இருவரும் சேர்ந்து ஒரே வண்டி வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தை மாதம் ஒரு ஜீப் பார்க்கப் போகிறோம். இந்த முறை முதலில் ஆர்.சி. புத்தகத்தைத்தான் வாங்கிப் பார்ப்போம்.