குளத்து நீரில் உருளும் பச்சைக் கோளங்கள்

குளத்து நீர் பச்சையானதும் "பாசி பிடித்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பாசி என்னும் அந்த ஒரே சொல்லுக்குள் தீங்கற்றவையும் நஞ்சு சுரப்பவையும் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன. வொல்வொக்ஸ் எனும் பச்சை அல்கா முதல்வகையைச் சேர்ந்தது.

நீரைக் கண்ணாடிப் போத்தலில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஊசிமுனையளவான பச்சைப் புள்ளிகள் உருண்டு நீந்துவதைச் சிலவேளை காணலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சமுதாயம். இனத்துக்கேற்ப சில நூறு முதல் பல்லாயிரம் வரையான கலங்கள், பசைபோன்ற கோளமொன்றின் மேற்புறத்தில் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு கலமும் தன் இரு சவுக்குமுளைகளையும் அசைக்க, கோளம் சுழன்று ஒளியை நாடிச் செல்கிறது. அதனுள்ளே மகட்கோளங்கள் வளர்ந்து, தாயைப் பிளந்து வெளியேறும். ஒல்லாந்தரான லேவன்ஹூக் 1700 இலேயே இதனை விவரித்து எழுதினார்.

அசைவற்ற, வெயில்படும், ஆழங்குறைந்த நன்னீரே இதற்கு உகந்தது. மழைக்குட்டை, பள்ளம், வயல்நீர் எதுவும் போதும். தென்னிந்தியாவின் இத்தகைய அல்காக்களைப் பற்றி எம். ஓ. பி. ஐயங்கார் 1933 இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். பெரிய நீர்த்தேக்கங்களிலும் இது வாழும். மொசாம்பிக்கின் கஹோரா பாசாவில் பகலில் ஒளிக்காக மேலே வந்து, இரவில் பொசுபரசு மிகுந்த ஆழத்துக்கு இறங்குவது 1986 இல் அறியப்பட்டது.

குட்டை வற்றினால் என்ன செய்யும்? அதே 1986 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீர் சூடேறும்போதே ஓரினம் இலிங்கமுறை இனப்பெருக்கத்துக்குத் தூண்டப்படுகிறது. அதாவது, வறட்சி வருமுன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது! அதனால் உண்டாகும் தடித்த சுவருடைய நுகங்கள் காய்ந்த சேற்றில் உறங்கி, நீர் வந்ததும் முளைக்கின்றன. வெடித்துக் கிடக்கும் குளத்தைப் பயனற்ற நிலமென்று குப்பை கொட்டி நிரப்புவோர் இதனை அறிவதில்லை.

மழையோடு வயல்களின் உரமும் குளத்தில் வந்து சேர்கிறது. அது மிகுந்தால் நீலப்பச்சை அல்காக்கள் பெருகி மற்றவற்றை ஒதுக்கிவிடக்கூடும். இவை உண்மையில் பற்றீரியாக்களே. நீர்மட்டத்தில் பச்சை வர்ணம் ஊற்றியதுபோல் ஆடை படர்ந்திருந்தால் இவற்றையே சந்தேகிக்க வேண்டும். இவற்றுட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. போத்தலில் பச்சைக் கோளங்கள் உருள்வதைக் கண்டதனால் மட்டும் நீர் குடிக்கத் தகுந்ததாகிவிடாது; கொதிக்க வைத்தே பருக வேண்டும். ஆடை படர்ந்த நீரையோ மாடுகளுக்கும் காட்டக்கூடாது.