முதியோர் இல்லத்தில் ஒரு பூனை

அபூ கத்தாதா (ரலி) அவர்கள் ஒருநாள் தம் மகனாரின் இல்லத்திற்கு வந்தார்கள். மருமகளார் கப்ஷா அம்மையார் ஒளு செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தார். எங்கிருந்தோ வந்த பூனை ஒன்று அதில் வாய்வைக்க முனைந்தது. பெரியவர் அதை விரட்டவில்லை. வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்புடன் நோக்கிய மருமகளாரிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், அது நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

வாசகப் பெருமக்களே! நம் வீடுகளில் பூனைக்குள்ள உரிமை இத்துணைத் தொன்மையானது. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள எங்கள் வடக்கனந்தலில் நெல்மூட்டை இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் வீட்டில் பூனை இருக்கும். பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றபின், மூட்டையும் எலியும் குறைந்த வீடுகளில் முதியவரும் பூனையும் மட்டுமே எஞ்சியிருப்பதையும் காண்கிறோம்.

பூனை சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது நேரம் தவறாது. பஜ்ருத் தொழுகை முடிந்ததும் என் பூனை அடுப்படி வாயிலில் நின்று கத்தும். அதற்கு உணவு வைத்த கையோடு நானும் மாத்திரையை எடுத்துக்கொள்வேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதை நாள்தோறும் விழுங்க வைப்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது!

இனி, இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயினால் என் கால்விரல்களில் உணர்ச்சி குறைவு. சென்ற மழைக்காலத்தில் பூனை விளையாட்டாகக் கீறியதை, மாலையில் செருப்பில் இரத்தக்கறை கண்ட பின்னரே அறிந்தேன். பக்கத்து வீட்டார் சொன்னபடி மஞ்சள் பற்றிட்டு இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் பாதம் வீங்கிச் சிவந்தது. பன்னிரண்டு நாள் கட்டு. அத்தனை நாளும் நாற்காலியில் அமர்ந்தே தொழுகை. தொலைபேசியில் மகன், “அத்தா, அந்தப் பூனையைச் சாக்கில் கட்டி அணைக்கரையில் விட்டுவிடுங்கள்” என்றான். ஒரு கணம் எனக்கும் அது சரியென்றே பட்டது.

தவறு பூனையுடையதன்று, மஞ்சளை நம்பிய என்னுடையது. பூனை கீறினாலோ கடித்தாலோ உடனே சோப்பு இட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. பூனைப்பல் ஊசிபோல் கூரியது. வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே ஆழமாய்ச் சீழ் பிடிக்கும். ஆகவே அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வெறிநோய் நாயினால் மட்டும் வருவதன்று, பூனையினாலும் வரலாம். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போயிற்று. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இடும் தடுப்பூசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் இலவசமாகவே போடுகின்றனர். இரத்தம் கசிந்த காயமாயின் அதனுடன் வேறோர் ஊசியும் தேவைப்படும். பூனைக்கும் கால்நடை மருந்தகத்தில் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுவது நலம்.

பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ். தொழுகை விரிப்பை அது படுக்கும் இடத்திற்கு எட்டாமல் வையுங்கள். மண்தொட்டியை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். மலத்தின் வழியே வெளிப்படும் ஒருவகை நுண்ணுயிரியின் முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடைய ஒருநாளேனும் ஆகும். அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் அச்சமில்லை. கர்ப்பிணியான மகளையோ மருமகளையோ இவ்வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

நம்மால் பூனைக்கு நேரும் தீங்கும் உண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், பூனையின் உயிரைப் போக்க. மாத்திரை கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடுங்கள். பிரியாணியில் மிஞ்சியதை வைப்பது நம் வழக்கம். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைக் கெடுப்பவை. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் வயிற்றோட்டத்தையே தரும். மசாலா சேராத வேகவைத்த மீனோ கோழியோ போதும்.

மகனின் யோசனைக்கு வருவோம். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பெண்பூனையைப் பெருகாமல் காக்கக் கருத்தடை செய்துகொள்ளலாம். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் வளர்ந்ததை அறியாத கரையில் விட்டுவருவது அந்தப் பெண்ணின் செயலிலிருந்து எவ்வளவு தொலைவு என்று மகனையே கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுவாரம் ஊர் வந்தபோது படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையே ஒரு சிறு விளக்கு மாட்டிவிட்டுப் போனான். இருட்டில் காலைச் சுற்றும் பூனையினால் முதியவர் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நடக்கக்கூடியதே அல்லவா? இப்போது தஹஜ்ஜுதுக்கு எழும்போது முதலில் விளக்கு, பிறகு செருப்பு. நான் பரிசோதனைக்காகக் கள்ளக்குறிச்சி செல்லும் நாள்களில் பக்கத்து வீட்டுச் சிறுமி மீன் வைத்துவிடுகிறாள். அவளிடம் மட்டும் அது ஒருமுறையும் நகம் நீட்டியதில்லை.