பன்றிக்குட்டி இளைப்பது ஏன்?

பன்றி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஊரில் தம்பியோ மச்சானோ கடன் வாங்கி வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்க, புனேயிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம்மில் உண்டு. நானும் அப்படித்தான். ஆய்வகத்தில் செல் வளர்ப்பு வேலை பார்த்தவன் என்பதால் என் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "அண்ணே, பால் மறந்த குட்டி நல்லாத்தான் தின்னுச்சு. ஒரே மாசத்துல எலும்பும் தோலுமா நிக்குது. ஊசி மேல ஊசி போட்டும் தேறல."

அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு முதல் நான்கு மாதக் குட்டிகள் இப்படி இளைத்து, வெளிறி, மூச்சு வாங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டி நின்றால் சர்க்கோ வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். நம் புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் ஆய்வகங்களுக்கு வழங்கும் செல் வகைகளில் பி.கே.-15 ஒன்று. அது பன்றிச் சிறுநீரகத்திலிருந்து வந்தது. அந்த வகைச் செல்லில்தான் 1974-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் முதல் சர்க்கோ வைரஸைக் கண்டார்கள். அது சாது, நோய் தராது. 1991-இல் கனடாவின் சஸ்காச்சுவான் பகுதியில் குட்டிகள் மெலிந்து சாகத் தொடங்கின. அதை ஆராய்ந்தபோது இரண்டாம் வகை அகப்பட்டது. அதுவே நம் எதிரி. தென்னிந்தியப் பண்ணைகளிலும் இது இருப்பது உறுதியாகியுள்ளது.

இது நோய் எதிர்ப்பு அணுக்களையே அழிக்கிறது. காவல்காரனைக் கட்டிப்போட்டால் திருடன் எவனும் நுழையலாம் அல்லவா? நிமோனியா, கழிச்சல் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். ஆன்டிபயாடிக் ஊசி அந்தப் பின்வரும் கிருமிகளைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. காசு கரைவதுதான் மிச்சம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. 1962-இல் சேமித்து வைத்த பன்றித் திசுக்களிலும் பிற்பாடு இந்த வைரஸைக் கண்டார்கள். அதாவது, கிருமி வெகுகாலமாக இருக்கிறது. வைரஸ் உள்ள குட்டியெல்லாம் இளைப்பதில்லை. நெரிசல், கலப்பு, குளிர், அழுக்கு ஆகியவை சேரும்போதுதான் நோய் மூளுகிறது. தடுப்பூசி வருவதற்கு முன்பே பிரான்சில் பராமரிப்பைத் திருத்தியே சாவுகளைக் குறைத்தார்கள்.

அவற்றில் நம்மாலும் ஆகக்கூடியவை:

1. பிறந்தவுடன் எல்லாக் குட்டிக்கும் சீம்பால் கிடைக்க வேண்டும். 21 நாளுக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது.

2. வேறு வேறு ஈத்துக் குட்டிகளைக் கண்டபடி கலக்கக் கூடாது. பால் மறந்த புதிதில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று குட்டிக்கு மேல் வேண்டாம்.

3. ஓர் அறையை ஒரே சமயத்தில் நிரப்பி, ஒரே சமயத்தில் காலி செய்ய வேண்டும். சாணத்தைக் கழுவிய பிறகே மருந்து தெளிக்க வேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் பல கிருமிநாசினிகள் பலிக்காது. காஸ்டிக் சோடா, பிளீச்சிங் போன்றவை மேல்.

4. இளைத்த குட்டியை உடனே தனியே பிரிக்க வேண்டும். குட்டிக்குக் குட்டி ஊசியை மாற்ற வேண்டும்.

தடுப்பூசி 2006 முதல் அமெரிக்காவில் பரவலானது; பெரும்பாலும் மூன்று வார வயதில் போடுகிறார்கள். உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வந்த நோயை அது குணமாக்காது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். 2020-இல் அசாமில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பண்ணையையே துடைத்துவிடும். குட்டி இறந்தால் உடனே அரசுக்குத் தெரிவித்துப் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும், இங்கே ஔந்தில் மேற்கு மண்டல ஆய்வகமும் அதற்காகவே உள்ளன.

2009-இல் புனேயை உலுக்கிய பன்றிக் காய்ச்சல் இன்புளூயன்சா, அது வேறு. சர்க்கோ வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆகவே பயம் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது, அது ஊசி மருந்துக்கா, இடவசதிக்கா என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.