பிள்ளைகளின் தொகையும் தாயின் படிப்பும்

ஏழைகள் கணக்கின்றிப் பிள்ளை பெறுவதால்தான் தேசம் முன்னேறவில்லை என்று சௌகரியமாக வாழ்வோர் சிலர் கூறக் கேட்கிறோம். இக்கூற்றில் பாதி உண்மைகூட இல்லை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, செல்வத்தில் கடைப்படியிலுள்ள குடும்பங்களில் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 2.6 குழந்தைகள், மேற்படியில் 1.6. பள்ளிக்கூடமே செல்லாதவர்களுக்கு 2.8, பன்னிரண்டு வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. குடும்ப நிலைமைக்கும் பிள்ளைத் தொகைக்கும் சம்பந்தம் இருப்பது தெளிவு. ஆனால் அது குலத்தோடு பிறந்த குணமா? அன்று. படித்த பெண்ணுக்கு விவாகம் தாமதிக்கிறது. வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்புண்டாகிறது. அவள் பெற்ற குழந்தை பிழைக்கிறது. பெற்றது தங்குமோ என்று அஞ்சும் தாயல்லவோ இன்னொன்றை வேண்டுகிறாள்? பீஹாரில் சராசரி 3.0, தமிழ் நாட்டில் 1.8. பீஹார்த் தாய் வேறு பிறவியல்லள். நம் பெண்கள் பள்ளிக்கு முந்திச் சென்றார்கள்.

இதை உணராமல் அவசரநிலைக் காலத்தில் சர்க்கார் பலவந்தத்தை நாடிற்று. 1976-77இல் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடைச் சிகிச்சை நடந்தது. அகப்பட்டவர்கள் பெரும்பாலும் எளியோர். அந்தப் புத்தி முற்றும் அகன்றபாடில்லை. இரண்டுக்கு மேல் பிள்ளையுடையோர் உள்ளூர்த் தேர்தலில் நிற்கலாகாதென்று சில ராஜ்யங்கள் சட்டமியற்றின. ஆந்திரம் 2024இல் அதை நீக்கிவிட்டது. எத்தனை பிள்ளை என்று தீர்மானிக்க வீட்டில் உரிமையற்ற பெண்ணையும் தண்டிக்கும் அச்சட்டத்தை மற்ற ராஜ்யங்களும் தாமதமின்றி ரத்து செய்ய வேண்டும்.