கன்னோஜ் அத்தர்க் கடையில்

விலை கொடுத்து வாங்கும் பண்டங்களுள் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் தரம் அறியத்தக்கவை பல. புடவையானால் விரித்து இழையைப் பார்க்கலாம். ஈரத்துணியால் துடைத்துச் சாயம் நிற்குமா என்று சோதிக்கலாம். நெல்லைக் கடித்துப் பார்க்கலாம். வாசனைத் திரவியம் அவ்வாறன்று. கடைக்காரர் குப்பியைத் திறக்கிறார். மூக்கு ஒரு கணம் மயங்குகிறது. வீடு வந்து சேர்ந்து, அடுத்த நாள் விடிந்த பின்னரே வாங்கியது இன்னதெனப் புலப்படுகிறது. விற்பவரின் வாய்ச்சொல்லையே வாங்குபவர் பெரிதும் நம்பியிருக்க வேண்டிய வியாபாரம் இது. அத்தகைய கடைகள் இரண்டில் நமக்கு நேர்ந்தவற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம். வாசனைப் பூச்சில் நமக்கு மோகம் உண்டென எவரும் எண்ண வேண்டாம். கடையேறிய காரணம் வேறு.

எம் தகப்பனார் நிலக்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில் மல்லிகை பயிரிடுபவர். விடியுமுன் பறித்த மொட்டும் முதல் நாள் மிஞ்சிய பூவும் ஒரே கூடையில் கலந்திருந்தால், கூடையின் மேல் குனிந்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார். மண்டியில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டு வைகாசியில் கொரோனா நோய் கண்டு பதினைந்து நாள் படுத்து எழுந்தார். உயிர் தப்பியது, மோப்பம் தப்பவில்லை. அந்நோய், மணத்தை அறியும் நரம்பணுக்களைக் காட்டிலும் அவற்றைத் தாங்கி நிற்கும் அணுக்களையே பெரும்பாலும் தாக்குகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். பலருக்குச் சில வாரங்களில் மோப்பம் திரும்பிவிடும். சிலருக்கு மாதங்கள் கடந்தும் திரும்புவதில்லை. தகப்பனார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவரானார்.

மணம் போனால் என்ன, பார்வை இருக்கிறதே என்று சொல்பவர் உண்டு. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அறியவில்லை. சோறு மண்ணாக இருக்கிறது என்று பாதி இலையில் எழுந்துவிடுவார். உடல் இளைத்தது. மண்டிக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். “கனகாம்பரமும் மல்லிகையும் எனக்கு இப்போது ஒன்றுதானப்பா. அங்கே போய் நான் என்ன செய்ய?” என்றார். கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது என்பது பூக்காரர் எவருக்கும் தெரியும்.

காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்னும் பேராசிரியர் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களையும் காலையிலும் இரவிலும் சில விநாடிகள் வீதம் முகர வேண்டும். முகரும்போது அந்த மணத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளவும் வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் செய்தால் பலருக்குப் பயன் கண்டிருக்கிறது, எல்லோருக்கும் அன்று. செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும் என்றார் வைத்தியர்.

நாம் செலவைக் குறித்து வேறு விதமாக எண்ணினோம். தகப்பனாருக்கல்லவா, உயர்ந்த சரக்காக வாங்குவோம் என்று ஒரு பெரிய நகரத்தின் பெயர்பெற்ற வாசனைக் கடைக்குச் சென்றோம். கண்ணாடி அலமாரிகள், குளிர்ந்த காற்று, கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர்கள். நாம் சொல்ல வந்ததை முடிப்பதற்குள் ஒரு சிப்பந்தி காகிதப் பட்டையில் தெளித்து நீட்டினார். பிறகு இன்னொன்று, பிறகு மற்றொன்று. எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தபோது நமக்கு எல்லாம் ஒன்றாகிவிட்டன. உடனே காப்பிக் கொட்டை நிறைந்த கிண்ணம் ஒன்று வந்தது. களைத்த மூக்கைக் காப்பிக் கொட்டை தெளிவிக்கும் என்பது இவ்வியாபாரத்தில் வழங்கும் நம்பிக்கை. வெறும் காற்றைவிட அதற்குத் தனிச் சக்தி இருப்பதாகச் சோதனையில் தெரியவில்லை. வாசலுக்குப் போய் நின்றிருந்தாலே போதும். ஆனால் வாசலுக்குப் போன வாடிக்கைக்காரர் திரும்பி வருவார் என்பது என்ன நிச்சயம்?

சுத்தமான ரோஜா அத்தர், ஒரு தோலா என்று சொல்லிப் பத்து மில்லி லிட்டர் குப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். தொகையைக் குறித்த சிறு துண்டுச்சீட்டும் தந்தார்கள்; கடையின் பெயரோ சரக்கின் விவரமோ அதில் இல்லை. ஆண்டு முழுவதும் பிறருடைய ரசீதுப் புத்தகங்களைத் தணிக்கை செய்கிற நாம், அன்று ரசீது கேட்கவில்லை. இதை எழுதுகையில் வெட்கமாகவே இருக்கிறது.

வீட்டில் அம்மா குப்பியை முகர்ந்து முகம் சுளித்தார். இரண்டாம் நாள் அதில் ரோஜாவும் இல்லை, வேறெதுவும் இல்லை. விளக்கெண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது. திரும்பக் கொண்டுபோனோம். திறந்த குப்பியை எடுத்துக்கொள்வதில்லை என்றார்கள். “ஐயாவுக்கு மோப்பம் இல்லை என்று நீங்களே சொன்னீர்களே, எதை முகர்ந்து பழுது சொல்கிறார்?” என்று ஒரு சிப்பந்தி கேட்டார். அப்போது தகப்பனார் நம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் படியிறங்கிவிட்டார்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது கொடாதிருத்தல் முறையற்ற வியாபாரம். பழுதுள்ள சரக்கை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடாவிடில் முப்பது நாளைக்குள்ளும் திரும்ப ஏற்க மறுத்தலும் அவ்வாறே. இவ்விரண்டும் நமக்குத் தெரியும். தெரிந்தும் தகப்பனாரின் பின்னே இறங்கி வந்துவிட்டோம்.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அலுவல் பயிற்சி ஒன்றின் பொருட்டு வடக்கே செல்ல நேர்ந்தது. கிடைத்த ஒரு விடுமுறை நாளில் கான்பூரிலிருந்து கன்னோஜ் சென்றோம். சுமார் 80 கிலோமீட்டர் பிரயாணம். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனரின் தலைநகராய் விளங்கியதும், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்து கண்டதும் இவ்வூரே. இன்று அதன் கீர்த்தியெல்லாம் அத்தரில் இருக்கிறது.

அத்தர் இறக்கும் முறையை ஒரு பட்டறையில் நின்று பார்த்தோம். ‘தேக்’ எனப்படும் பெரிய செப்பு அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைக்கிறார்கள். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கிற்குழாய் ஒன்று சாய்ந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் ‘பப்கா’ என்னும் செப்புக் குடத்துக்குள் நுழைகிறது. அக்குடத்தில் முன்னதாகவே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் ஆவி குழாய் வழியே வந்து குளிர்ந்து சந்தனத்தில் படிகிறது. வெப்பமானியும் இல்லை, அழுத்தமானியும் இல்லை. குடத்தின் மேல் கை வைத்தே தொழிலாளி சூட்டை அறிகிறார். சூடு மிஞ்சினால் அடுப்பிலிருந்து விறகை இழுத்து, ஈரத்துணியை அண்டாவின் மேல் போடுகிறார். சுட்ட களிமண் வில்லைகளை இதே முறையில் வடித்து, முதல் மழையில் எழும் மண் வாசனையையும் குப்பியில் பிடித்துவிடுகிறார்கள். ‘மிட்டி அத்தர்’ என்று அதற்குப் பெயர். எல்லாவற்றுக்கும் அடிப்படை சந்தன எண்ணெய். அதன் விலை ஏற ஏற, பலர் திரவப் பாரபின் எண்ணெயிலும் வேறு இரசாயன எண்ணெய்களிலும் வாசனையை இறக்கத் தொடங்கினர். அதுவும் அத்தர் என்றே விற்கிறது.

கடைவீதியில் நாம் ஏறிய கடை, நம் ஊர் நாட்டு மருந்துக் கடை அளவே இருக்கும். வெள்ளை விரிப்பில் சுமார் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நமது அரைகுறை ஹிந்தியைப் பொறுமையுடன் கேட்டார். தேநீர் வரவழைத்தார். அது தீரும் வரை ஒரு குப்பியைக்கூடத் தொடவில்லை. “யாருக்கு, மகனே?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

தகப்பனாரைப் பற்றிச் சொன்னோம். பையில் கொண்டுபோயிருந்த நகரத்துக் குப்பியையும் எடுத்து வைத்தோம். அவர் அதை முகர்ந்தார், மூடினார், யாரிடம் வாங்கியது என்று கேட்கவில்லை. சிறு கண்ணாடிக் குழலில் சாராய ஸ்பிரிட்டை ஊற்றித் தம்முடைய அத்தரில் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினார். அது கரைந்து தெளிந்து நின்றது. மற்றொரு குழலில் நமது குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். பால் போல் கலங்கிப் பின் துளித்துளியாகப் பிரிந்து அடியில் தங்கியது. சந்தன எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும், பாரபின் கரையாது. “வியாபாரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கண்ணால் பார்த்தீர்கள்” என்றார். ஸ்பிரிட்டில் கரையும் கலப்பு எண்ணெய்களும் உண்டு, ஆகையால் இச்சோதனையை மட்டும் நம்பித் தம்மிடமேகூட எதையும் வாங்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். தம் சரக்கின் மேல் சந்தேகம் கொள்ளக் கற்பித்த வியாபாரியை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

தோலாக் கணக்கையும் அவரே விளக்கினார். தோலா என்பது எடை, சுமார் 11.66 கிராம். குப்பியோ கொள்ளளவு. சந்தன அத்தர் ஒரு தோலா ஏறக்குறைய 12 மில்லி லிட்டர் வரும். பாரபின் இலேசானது, அதே எடைக்கு இன்னும் அதிகமாக வர வேண்டும். பத்து மில்லி குப்பியைத் தோலா என்று விற்றால் இரண்டு விதத்திலும் நஷ்டம் வாங்குபவருக்கே. அளவைகளைச் சோதித்துப் பழகிய நமக்கு இது தோன்றாமற் போயிற்றே என்று எண்ணிக்கொண்டோம்.

சுத்தமான ரோஜா எண்ணெயாகிய ‘ரூஹ் குலாப்’ வேண்டும் என்றோம். சிறு குப்பி ஒன்றைத் திறந்து, நம் புறங்கையில் கண்ணுக்குத் தெரியாத அளவு தொட்டு வைத்தார். தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரும்படி அனுப்பினார். திரும்பி வந்த பின் விலையைச் சொன்னார். அதன் கிலோ ஒன்றுக்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். விலை எப்படியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கையில் பணம் இருந்தது. எடுத்தும்விட்டோம்.

அவர் கொடுக்கவில்லை. “உங்கள் தகப்பனாரின் மூக்குக்கு ரூஹ் குலாப் என்றும் வேறு குலாப் என்றும் இப்போது தெரியாது. பாலர் வகுப்புப் பிள்ளைக்கு வெள்ளி எழுத்தாணி எதற்கு?” என்றார். சந்தனத்தில் இறக்கிய ரோஜா அத்தர் இரண்டு கிராம் போதும். பஞ்சில் ஒரு சொட்டு வைத்து மூடிய புட்டியில் போட்டால் பல நாள் வரும் என்றார். மற்ற மூன்றும் என்றோம். சிரித்துவிட்டார். கிராம்பு உங்கள் அடுக்களையில் இருக்கிறது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் எண்ணெய் தெறிக்கும். நீலகிரித் தைலமோ உங்கள் சீமையிலிருந்தல்லவா எங்களுக்கு வருகிறது, அதை இங்கே வாங்கி அங்கே சுமந்து போவீர்களா என்று கேட்டார்.

ஒரு நாள் பிரயாணம் செய்து சென்ற வாடிக்கைக்காரரிடம் அவர் விற்றது இரண்டு கிராம். தராசில் நம் கண்ணெதிரே நிறுத்து, கிராம் கணக்கில் எழுதி, எந்த எண்ணெயில் இறக்கியது என்பதையும் குறித்துக் கடை முத்திரையிட்டு ரசீது கொடுத்தார். நாம் கேட்கவில்லை, அவரே கொடுத்தார். புறப்படும்போது ‘மோதியா’ என்ற குப்பியைக் காட்டி, இது என்ன தெரிகிறதா என்றார். முகர்ந்தோம். நம் மல்லிகையேதான். ஒரு குப்பி கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். “பூவே வீட்டில் இருக்கிறது. அவருக்கு அது தெரியும் நாள் வரும்போது பூவிலேயே தெரியட்டும்.”

பயிற்சி அடுத்த வாரமே தொடங்கிற்று. முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. தகப்பனார் எம் மனத்துக்காகவே புட்டிகளை முகர்ந்து வைத்தார். மூன்றாம் மாதம் கிராம்பு மட்டும் ‘சுருக்கென்று’ தெரிந்தது. பின்னர் நீலகிரித் தைலம். ரோஜா வந்தபோது கருகிய ரப்பர் போல் வந்தது. மோப்பம் திரும்பும் வழியில் சிலருக்கு மணங்கள் இவ்வாறு திரிந்து தோன்றுவதுண்டு என்று வைத்தியர் சொன்னதால் கலங்கவில்லை. தகப்பனார்தான் ரோஜாப் புட்டியைச் சில நாள் ஒளித்து வைத்துவிட்டார்.

2023-ஆம் ஆண்டு சித்திரையில் மண்டிக்குப் போகிறேன் என்று தாமே கிளம்பினார். நாமும் உடன் சென்றோம். மூன்று கூடைகளை முன்னே வைத்து, எதில் பழைய பூ கலந்திருக்கிறது என்று பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். இரண்டைச் சரியாகச் சொன்னார். ஒன்றைத் தவறாகச் சொன்னார். தவறாகச் சொன்ன கூடையின் மேல் மறுபடியும் மறுபடியும் குனிந்துகொண்டே இருந்தார்.

அன்று மாலை, ரசீதில் இருந்த எண்ணில் கன்னோஜ் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னோம். முழுவதும் கேட்டுக்கொண்டு, எலுமிச்சைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சென்ற ஆண்டு மருந்துக் கடையில் வாங்கிய எண்ணெய் என்றோம். அது இதற்குள் கெட்டுப்போயிருக்கும், கொட்டிவிட்டு மரத்திலிருந்து ஒரு பழம் பறித்துக்கொள்ளுங்கள் என்றார்.