கமரா நம் கையில், காசு யார் கையில்?

உங்கள் வீட்டில் எத்தனை ஒளிபரப்பு நிலையங்கள் இருக்கின்றன என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம். வீட்டில் எத்தனை கைப்பேசிகள் உள்ளனவோ அத்தனை நிலையங்கள் உள்ளன. மடவளை பஸாரில் ஒரு பின்னேரம் சற்று நின்று பாருங்கள். புடவைக்கடை வாசலில் ஒரு தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பெருநாளைக்கு வந்திருக்கும் புதிய ரகங்களை விவரித்துக்கொண்டிருப்பார். இன்னொரு வீட்டில் ஒரு சகோதரி முகத்தைக் காட்டாமல், கைகளை மட்டும் காட்டி, வட்டிலாப்பம் அவிக்கும் பக்குவத்தைப் பதிவு செய்துகொண்டிருப்பார். டுபாயிலும் டோஹாவிலும் இருக்கும் நம்மவர்கள் அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்து நாவூறுவார்கள்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியாக வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அந்த நாட்களில் கண்டிப் பக்கத்து முஸ்லிம் ஊரொன்று திரையில் தெரிய வேண்டுமானால், கொழும்பில் யாரோ ஒருவர் மனம் வைத்தாக வேண்டும். நோன்பு காலத்தில் ஒரு நிகழ்ச்சி, பெருநாள் தினத்தில் ஒரு நிகழ்ச்சி என்பதோடு சரி. நாம் பார்ப்பவர்களாக இருந்தோமே தவிர, பார்க்கப்படுபவர்களாக இருக்கவில்லை. விளம்பரமும் அப்படித்தான். சவர்க்காரக் கம்பனியும் பால்மாக் கம்பனியும் அரை நிமிடத்தை வாங்கலாம். மடவளைக் கடைக்காரருக்கு அந்த விலை எட்டாக் கனி.

இந்த வேலியைப் பிரித்துப் போட்டது யூடியூப். அதன் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் திகதி ஏற்றப்பட்டது. அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஓர் இளைஞர் பேசும் 19 விநாடிகள், அவ்வளவுதான்! அந்த இளைஞர் யூடியூபை நிறுவிய மூவரில் ஒருவரான ஜாவித் கரீம். அவருடைய தந்தை வங்காளதேசத்தைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி டொலர் கொடுத்து யூடியூபை வாங்கிக்கொண்டது. பெரும் ஊடகங்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் நிகழ்ச்சிகளை ஆட்கள் திருடி ஏற்றுகிறார்கள் என்று வயாகொம் நிறுவனம் 2007 மார்ச்சில் 100 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. அது இழுபட்டு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஆனால் சாதாரண மனிதனின் கமராவை எந்த வழக்காலும் நிறுத்த முடியவில்லை.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தைப் பாருங்கள். ஒரு பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, 2018இல் வில்லேஜ் குக்கிங் சேனல் என்ற பெயரில் வீடியோக்களை ஏற்றத் தொடங்கினார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுவே. அந்த ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தியே அவர்களோடு அமர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் படியையும் மிதிக்காமல் அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இனி, இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அன்று ரூபவாஹினிக்குக் காசு கொடுத்தது போலவே இங்கும் கொடுப்பவர் விளம்பரதாரர்தான். வழமையான நீண்ட வீடியோவில் ஓடும் விளம்பரத்தின் வருமானத்தில் 55 வீதம் வீடியோக்காரருக்கு, மீதி 45 வீதம் யூடியூபுக்கு. விளம்பர இடம் ஏலத்தில் போவதால் எல்லோருடைய பார்வைக்கும் ஒரே விலை இல்லை. மடவளையில் இருந்து பார்ப்பவரைவிட இலண்டனில் இருந்து பார்ப்பவருக்கு விலை அதிகம். வெளிநாட்டில் வாழும் நம்மவர்களைக் குறிவைத்துப் பலர் வீடியோ செய்வதன் இரகசியம் இதுதான்.

விளம்பரதாரர் முகம் சுளித்தால் என்ன நடக்கும்? 2017இல் நடந்ததைக் கேளுங்கள். இலண்டன் டைம்ஸ் பத்திரிகை அந்த ஆண்டு பெப்ரவரியில், பெரிய கம்பனிகளின் விளம்பரங்கள் தீவிரவாத வீடியோக்களோடு சேர்ந்து ஓடுவதை அம்பலப்படுத்தியது. மார்ச் மாத நடுப்பகுதியில் பிரித்தானிய அரசாங்கம் உட்படப் பலர் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டார்கள். மார்ச் 20ஆம் திகதியே கூகுளின் ஐரோப்பியப் பொறுப்பாளர் மேடையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாட்களை எண்ணிப் பாருங்கள், ஒரு வாரம்கூட ஆகவில்லை!

அதோடு விடவில்லை. 2018 ஜனவரியில் யூடியூப் ஒரு புதிய விதியை அறிவித்தது. விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும், 12 மாதங்களுக்குள் 4,000 மணித்தியாலங்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிட வீடியோவை 48,000 தடவை முடிவுவரை யாராவது பார்த்தால்தான் 4,000 மணித்தியாலம் சேரும். அதற்கு முன்னர் மொத்தம் 10,000 பார்வைகள் போதுமாக இருந்தன. தவறு செய்தவர்கள் யாரோ, தண்டம் கட்டியவர்கள் வட்டிலாப்பம் அவித்தவர்கள்! இவ்விதி 2018 பெப்ரவரி 20ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்கு வந்த நெருப்பு

ஏனென்றால் அதிலிருந்து ஒரு வாரத்துக்குள்தான் நம் நாட்டில் வேறொரு வகை வீடியோ புறப்பட்டது. பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கொத்து ரொட்டியில் ஏதோ கட்டி கிடந்ததாகவும், அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்றும் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரை மிரட்டி, ஆம் என்பது போல ஒரு பதில் சொல்லவைத்து, அதைக் கைப்பேசியில் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவில் கலந்து ஆளை மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஆனால் அறிக்கையை எத்தனை பேர் பார்த்தார்கள்?

அதன் பின் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடவளையிலிருந்து திகன எவ்வளவு தூரம்? தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். மஹசோன் பலகாய என்ற அமைப்பின் அமித் வீரசிங்க, திகன நகரம் முஸ்லிம்களுக்கே சொந்தமாகிவிட்டது என்ற கருத்துப்பட நகரில் நடந்துகொண்டே பேசிய வீடியோ பேஸ்புக்கில் சுற்றியது. மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. பிறகு அந்த நபர் கைது செய்யப்பட்டார்.

கண்டி மாவட்டத்து மக்கள் அன்று அழாத அழுகையில்லை. இந்த வீடியோக்களைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, எங்கள் விதிகளை இது மீறவில்லை என்ற பதில்களே வந்ததாகச் சிவில் அமைப்புகள் 2018 ஏப்ரலில் பேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அக்கம்பனியில் போதுமான அளவு இருக்கவில்லை. கண்டியில் நடந்ததற்குத் தன் தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். விளம்பரதாரருக்கு ஒரு வாரத்துக்குள் கிடைத்த மன்னிப்பு, வீடு எரிந்தவர்களுக்குக் கிடைக்க இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றது. கூகுளும் பேஸ்புக்கும் வேறு வேறு கம்பனிகள் என்பது உண்மையே. எனினும் இரண்டுக்கும் அடுப்பெரிவது ஒரே விறகில்தான்.

அப்படியானால் தொழில்முறை ஊடகம்தான் நல்லது, கைப்பேசிக்காரர்கள்தான் கெட்டவர்கள் என்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். 2019 மே 23ஆம் திகதி, ஈஸ்டர் தாக்குதலின் துயரம் ஆறாத நேரத்தில், திவயின பத்திரிகையின் முன்பக்கத்தில் ஒரு செய்தி. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மார்களை இரகசியமாக மலடாக்கிவிட்டாராம்! அம்பாறைக் கொத்து ரொட்டியின் அதே கதை, இம்முறை பயிற்சி பெற்ற பத்திரிகையாளர்களின் கையால், அச்சு மையில். மறுநாளே குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதத்தில் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் பிணை கிடைத்தது. 2022இல் கிடைத்த நிலுவைச் சம்பளமான 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாவை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த அரச வைத்தியசாலைகளுக்காக அவர் அன்பளிப்புச் செய்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் கலகக்காரர்களோடு பொலிஸார் சிலரும் சேர்ந்து நடந்துகொண்டார்கள் என்று நம்மவர்கள் சொன்னபோது அது வெறும் பேச்சாகவே இருந்தது. அக்கூற்றுக்கு வலுச் சேர்த்தவை கண்காணிப்புக் கமராக்களின் பதிவுகள். ரொய்ட்டர்ஸ் நிறுவனம் அவற்றைப் பார்த்து உலகுக்கு எழுதியது. சாதாரண கமராவும் தேர்ந்த ஊடகமும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான். 2022 மார்ச் 31ஆம் திகதி மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன் மக்கள் திரண்டதையும் கைப்பேசிகள் நேரடியாகக் காட்டின. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்து, அன்றே கைவிட்டது.

மடவளை வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

2020 ஜூலையில் அமெரிக்க சிவில் உரிமை அமைப்புகளின் வேண்டுகோளை ஏற்று, வெறுப்புப் பேச்சை அனுமதிக்கும் பேஸ்புக்குக்கு விளம்பரம் தருவதில்லை என்று 1,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரு மாதம் ஒதுங்கின. யூனிலீவரும் கொக்கா கோலாவும்கூட அந்நாட்களில் விளம்பரத்தை நிறுத்தியவர்களே. ஆனால் பேஸ்புக்கின் வருமானம் சரியவில்லை, ஏறியது! காரணம், அங்கே அப்போது விளம்பரம் செய்துவந்தவர்கள் 90 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் நம் பஸாரில் இருப்பவர்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள். ஆகவே வாசகரே, ஐயாயிரம் ரூபா கட்டிப் பெருநாள் விற்பனைப் பதிவை முடுக்கிவிடும் உங்கள் மச்சான்தான் அந்த அடுப்பின் விறகு வியாபாரி. அவருக்கே அது தெரியாது.

அவர் வேறொரு வழியிலும் விளம்பரம் செய்கிறார். ஊர்த் தம்பியைக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் காசையும் ஒரு சேர்ட்டையும் கொடுத்து, கடையைப் புகழ்ந்து வீடியோ போடச் சொல்கிறார். தவறில்லை. ஆனால் காசு வாங்கிப் பேசுகிறேன் என்று தம்பி சொல்ல வேண்டாமா? பத்திரிகையில் விளம்பரம் என்று மேலே போட்டிருப்பார்கள். வீடியோவில் அது நண்பரின் ஆலோசனை போல வருகிறது. இந்தியாவில் 2021 முதல், காசு பெற்ற பதிவு என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுமென விளம்பரத் தரக் கழகம் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இங்கே 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி மக்களைத் திசைதிருப்பும் வகையில் நடப்பதைத் தடுக்கிறது. சேர்ட்டில் ஏமாந்தால் ஒரு கழுவலோடு தெரிந்துவிடும். முகம் வெளுக்கும் கிரீமில் அப்படியில்லை. பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால்தான், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2020உடன் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் உடன்பட்டன. முகவரியில்லாத டப்பாவைப் புகழும் வீடியோவை உங்கள் மகள் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்ற பிரமிட் திட்டங்களும் இவ்வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. அப்படிப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி பட்டியலிட்டு அறிவித்திருக்கிறது, தேடிப் பாருங்கள்.

மகன் யூடியூபில் இறங்கப் போகிறேன் என்று நின்றால் தடுக்க வேண்டாம், கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 2025 ஏப்ரல் முதல் இவ்வாறான வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு 15 வீதம் வரை வரியுண்டு. 100 டொலர் சேரும்வரை கூகுள் பணம் அனுப்பாது. இன்னொரு விந்தை! பார்ப்பவர்களுக்கு அவன் உண்மைப் பெயரையோ ஊரையோ சொல்ல வேண்டியதில்லை, புனைபெயரிலேயே காலம் தள்ளலாம். ஆனால் காசு பெறுவதற்கு கூகுளுக்குச் சரியான பெயரும் வீட்டு முகவரியும் கொடுத்தாக வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் அம்முகவரியை உறுதிப்படுத்த ஒரு இரகசிய எண்ணை அனுப்புவார்கள். இத்தனை இணையத்துக்கும் பிறகு, அந்த எண் காகிதக் கடிதமாகத் தபாற்காரர் கையில்தான் வந்து சேரும்.