உங்களுக்குத் தெரியுமா? தொடுதிரையும் கட்டைவிரலும்

புனேயிலிருந்து அகமத்நகர் சாலையில் ஏறக்குறைய 50 கி.மீ. போனால் ரஞ்சன்காவ். பக்தர்களுக்கு இது அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதியின் ஊர். மற்றவர்களுக்குத் தொழிற்பேட்டை. 2004-இல் எல்ஜி தன் இரண்டாவது இந்திய ஆலையை இங்கே திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினோடு ஜிஎஸ்எம் செல்போனும் இங்கே தயாரானது. இன்று அந்த நிறுவனம் உலகில் எங்குமே செல்போன் செய்வதில்லை. ஆனால் நம் விரல்களுக்குப் பழகிப்போன பல விஷயங்களில் அதன் பங்கு உண்டு.

★ விரல் பட்டாலே வேலை செய்யும் மின்தேக்கு வகைத் தொடுதிரையோடு வந்த முதல் செல்போன் ஐபோன் இல்லை, எல்ஜி பிராடா. ஐபோன் விற்பனைக்கு வந்தது 2007 ஜூன் 29. பிராடா அதற்கு முந்தைய மாதமே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு விரலால் படத்தை விரித்துப் பெரிதாக்கும் வசதி அதில் கிடையாது. மக்கள் மனதில் ஐபோன் முதலிடம் பிடித்ததற்கு அந்த ஒரு அசைவே பெரிய காரணம் என்பேன். திரையில் இருப்பதைக் கையால் பிடித்து இழுப்பது போன்ற உணர்வை அது தந்தது.

★ மின்தேக்குத் தொடுதிரையின் வயது சுமார் 60. இங்கிலாந்தின் மால்வர்ன் ராடார் ஆய்வகத்தில் இருந்த இ.ஏ. ஜான்சன் 1965-இல் அதைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக யோசித்தது அது.

★ 2008-இல் வந்த எல்ஜி குக்கி நினைவிருக்கிறதா? குறைந்த விலையில் தொடுதிரை என்று கல்லூரிப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய போன். உடம்பிலேயே செருகிவைக்க ஒரு குச்சிப் பேனா உண்டு. அதன் திரை அழுத்தத்தால் வேலை செய்யும் வகை: மெல்லிய இரண்டு அடுக்குகள், நடுவே சிறு இடைவெளி, அழுத்தினால் இரண்டும் ஒட்டும். நகம், பேனா மூடி, கையுறை போட்ட விரல், எது பட்டாலும் கேட்கும். லேசாகத் தடவினால் மட்டும் கேட்காது. இன்றைய திரை நேர்மாறு. விரலின் மின்கடத்தும் தன்மையைத்தான் அது உணர்கிறது. தடித்த கையுறை போட்டவரை அதற்குத் தெரியாது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், மழையில் நனைந்த போன் தானாகவே எதையாவது திறந்துகொள்ளும். அதைச் சரிசெய்ய 'அக்வா டச்' என்ற வசதியோடு 2024-இல் வன்பிளஸ் 12 வந்தது. சமையலறையிலும் மீன் கடையிலும் ஈரக்கையோடு போன் எடுக்கிறவர்களுக்கு இது 15 ஆண்டுக்கு மேல் தாமதமாகக் கிடைத்த நியாயம்.

★ போனைப் பாதிப்பேர் ஒற்றைக் கையில்தான் பிடிக்கிறார்கள். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் தெருவிலும் பஸ்ஸிலும் விமான நிலையத்திலும் 1,333 பேரைக் கவனித்து 2013-இல் வெளியிட்ட கணக்கு இது: திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரு கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், கட்டைவிரல் நான்கு மூலைக்கும் போய்வந்தது. இன்று 6 அங்குலத்துக்கு மேல். கட்டைவிரல் மட்டும் வளரவில்லை.

கூட்டமான பஸ்ஸில் ஒரு கை கம்பியில், மறு கையில் போன். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைத் திறந்தாயிற்று. இனி பின்னால் போக வேண்டும். அம்புக்குறியோ இடது மேல் மூலையில். வலது கைக் கட்டைவிரலுக்கு அதைவிடத் தொலைவான இடம் திரையில் கிடையாது. போனை உள்ளங்கையில் நழுவவிட்டு எட்டிப் பிடிக்கிறோம். எத்தனையோ திரைகள் உடைவது இந்த நழுவலில்தான். ஆண்ட்ராய்டில் 'பேக்' பட்டன் ஆரம்பத்திலிருந்தே அடியில் இருந்தது. ஐபோனில் அப்படி ஒரு பட்டனே கிடையாது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபிறகு இடது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் பின்னால் போகலாம் என்றானது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 இரண்டு ஓரத்திலிருந்தும் தள்ளலாம் என்றது. இந்த ஒரு விஷயத்தில் ஆண்ட்ராய்டின் வழியே நல்ல வழி. வலது கைக்காரரும் இடது கைக்காரரும் ஒன்றுபோல் வாழ அது இடம் தருகிறது.

★ ஆனால் ஆண்ட்ராய்டு நிறுவனங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. எல்ஜி, கூகுள் போன்களில் 'பேக்' இடப்பக்கம், சாம்சங்கில் வலப்பக்கம். கம்பெனி மாறினால் விரல் சில வாரம் தடுமாறும். சாம்சங்கில் செட்டிங்ஸுக்குப் போய் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

★ ஒரு பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குறைந்தது சுமார் 9 மி.மீ. என்கிறது கூகுள். ஆப்பிள் சொல்லும் அளவு ஐபோன் திரையில் ஏறக்குறைய 7 மி.மீ. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியை அடுத்தமுறை அளந்து பாருங்கள்.

★ பூட்டுத் திரையை விரலால் தள்ளித் திறப்பது ஆப்பிளுக்கு முன்பே ஸ்வீடனின் நியோநோட் போனில் இருந்தது. அதைக் காரணம் காட்டி, ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015-இல் இந்த முறைக்கு ஆப்பிள் வாங்கியிருந்த காப்புரிமையை ரத்துசெய்தது.

★ திரையை இரண்டு தட்டு தட்டினால் போன் விழிப்பது இன்று பல போன்களில் சாதாரணம். நோக்கியா என்9 2011-லேயே இதைச் செய்தது. 2013-இல் ஜி2 போன் மூலம் 'நாக் ஆன்' என்று பெயர் வைத்துப் பரப்பியது எல்ஜி. 2021 ஏப்ரல் 5 அன்று செல்போன் தொழிலைக் கைவிடுவதாக எல்ஜி அறிவித்தது. தட்டும் பழக்கம் மட்டும் அதன் ஃப்ரிட்ஜில் தொடர்கிறது: 'இன்ஸ்டாவியூ' கதவுக் கண்ணாடியை இருமுறை தட்டினால் உள்ளே விளக்கு எரியும். ரஞ்சன்காவ் ஆலையில் 2023 முதல் இரட்டைக் கதவு அலமாரி போன்ற பெரிய ஃப்ரிட்ஜுகளைச் செய்கிறார்கள்.

★ திறந்திருக்கும் ஆப்பைச் சீட்டு போல மேலே தள்ளி மூடுகிறோமே, அது 2009-இல் பாம் ப்ரீ போனின் வெப்ஓஎஸ்ஸில் வந்த யோசனை. பாம் நிறுவனத்தை எச்பி வாங்கியது. 2013-இல் வெப்ஓஎஸ் எல்ஜி கைக்கு வந்தது. இன்றைய எல்ஜி டிவிகளில் ஓடுவது அதுதான்.

★ ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஃபியட் கார் ஆலையும் உண்டு. 2017 முதல் ஜீப் காம்பஸ் அங்கிருந்து வருகிறது. 2021 மாடலில் 10.1 அங்குலத் தொடுதிரை. ஏசி, ஒலி அளவுக்குத் தனிப் பட்டன்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள், அது புத்திசாலித்தனம். சாலையில் கண் இருக்கும்போது விரல் தடவித் தேடிப் பிடிக்க மேடு பள்ளம் வேண்டும், கண்ணாடியில் அது இல்லை. இன்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு ஆகியவற்றுக்கு நிஜப் பட்டனோ நெம்புகோலோ இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் விதி வைத்திருக்கிறது.

★ நம் மொழிக்கு வருவோம். ஸ்மார்ட்போனில் தமிழ் முதலில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அப்போது ஓப்பரா மினி உலாவியின் ரகசிய அமைப்புப் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தால், தமிழ் எழுத்துகள் சின்னச் சின்னப் படங்களாக வந்து சேரும். நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த வித்தை அது. எழுதுவதற்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலில் வந்தது, அதுவும் பட்டன் போன்களுக்கு. ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வர 2013 ஆனது.

அப்படி வந்த விசைப்பலகைகளில் ஒன்று தமிழ்99. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கணினிக்காகப் பிறந்தது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள்: இடது கட்டைவிரலால் அ, வலதால் ம, மறுபடி ம, இடதால் ஆ. முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நான்கே தட்டு. ஆங்கில எழுத்துகளில் அடித்தால் ஐந்து. இரண்டு கட்டைவிரலுக்கென்றே செய்தது போல இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும்.

★ தட்டவே சிரமப்படும் பெரியவர்களுக்குப் பேச்சு உண்டு. கூகுள் 2017 ஆகஸ்டில் தன் குரல் தட்டச்சில் எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது. தமிழும் ரஞ்சன்காவின் மராத்தியும் ஒரே நாளில் வந்தன. அப்பா அம்மாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினால், விசைப்பலகையின் மைக்கில் தமிழைச் சேர்த்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். செட்டிங்ஸில் தள்ளும் முறையை மாற்றி, அடியில் மூன்று பட்டன் தெரியும்படி வைத்துக் கொடுங்கள்.